மஸ்கட் போகிறவர் வீடு

என் கணவர் மஸ்கட்டுக்குப் போகப் போகிறார் என்று எங்கள் தெருவில் கொஞ்ச காலம் பேசிக்கொண்டார்கள். அவர் மரக்காணத்தைத் தாண்டி வேலைக்கென்று எங்கும் போனதில்லை. திண்டிவனம் போனால்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும் அவருக்கு. ஆனாலும் தெரு நம்பியது. நம்ப வைத்தது நான்தான். அதுகூடச் சரியில்லை. கேட்டார்கள், தலையாட்டினேன், அவ்வளவுதான்.

உண்மையில் நாங்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்டிருந்தோம். அதை ஒரு ஈ காக்கைக்கும் சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம். எனக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் நிற்காமல் போய்விட்டது. முதல் முறை தெருவுக்கே தெரியும். இனிப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். போன பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை வாயைக் கட்டிக்கொண்டு, எதிர் வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பிரம்மதேசம் கிராமத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த என்னைக் கட்டிக்கொடுத்து இந்தக் கடற்கரைக்கு அனுப்பியபோது, உப்பளத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவள். புருஷன் செத்துப்போய், தம்பியோடு எதிர் வீட்டில் இருந்தாள். நாங்கள் இருவரும் ஒரே அளத்தில் ஒரே ஜோடி. உப்பு நிரம்பிய கூடையை ஒருத்தி தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது, எதிரே ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். எனக்குத் தூக்கிவிடுவது அவள், அவளுக்குத் தூக்கிவிடுவது நான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

மூன்றாவதாக ஒன்றுக்கு என் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுது தீர்த்துவிட்டு, ஒரு வருஷம் யோசித்துவிட்டு, தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்தோம். அப்போதே அவரிடம் சொல்லிவிட்டேன்: குழந்தை வீட்டு வாசலில் கால் வைக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. எந்தக் கண்ணும் இதன்மேல் படக் கூடாது. படித்தவர்கள் சிரிக்கட்டும், எனக்கென்ன. இரண்டு முறை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது நான்தானே.

மரக்காணத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் மனுப் போட்டால், போட்ட அன்றைக்குச் சாயங்காலமே மீன் மார்க்கெட் வரை செய்தி போய்விடும். அதனால் பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் போனோம். அங்கே ஒரு பாய் சென்டர் வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேரின் ஆதார், கல்யாணச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் பொறுமையாக ஏற்றினார். கடைசிப் பக்கம் போனதும், "இன்ஷா அல்லாஹ், நல்ல புள்ளையா வரும்மா. ஆனா காத்துக்கினு இருக்கணும், ரொம்ப பேரு வரிசையில நிக்கிறாங்க" என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டினார்.

ஃபோட்டோ எடுக்க, மெடிக்கல் சான்று வாங்க, போலீஸ் சான்று வாங்க என்று அதற்குப் பிறகும் அலைந்தோம். அப்படி ஒரு நாள் எக்ஸ்ரே கவரும் கையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா எதிரே வந்துவிட்டாள்.

"என்னடி, எக்ஸ்ரேயா? அடிக்கடி கோட்டக்குப்பம் போறீங்கன்னு தம்பி சொன்னான். ஏஜெண்ட பாத்துட்டு வர்றீங்களா? அவருக்கு மெடிக்கல் முடிஞ்சிதா?"

கோட்டக்குப்பத்தில் வீட்டுக்கு ஒரு ஆண் வளைகுடாவில் இருப்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே போய் எக்ஸ்ரேயோடு திரும்புகிறவனை வேறு என்னவென்று நினைப்பார்கள்? நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"எந்த ஊருடி?"

"மஸ்கட்டுக்கா."

அந்த ஒரு வார்த்தை மட்டும் நான் சொன்னது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஏதோ ஒரு டிராவல்ஸ் போர்டில் படித்திருப்பேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவர் கேட்டார், "ஏம்மா, மஸ்கட்டு எந்தப் பக்கம் இருக்குது?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தப் பொய் இவ்வளவு வசதியாக இருக்கும் என்று அப்போது தெரியாது. போலீஸ்காரர் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். தெரு, பாஸ்போர்ட்டுக்கு என்று தானே சொல்லிக்கொண்டது. பிரம்மதேசத்தில் அம்மா இரண்டு ஆட்டை விற்றுப் பணம் கொண்டுவந்தாள். ஏஜெண்டுக்கு என்று தெருவே பதிலும் சொல்லிக்கொண்டது. நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

பணம் வேண்டியிருந்தது. குழந்தை கிடைக்கும்போது அதை வளர்க்கும் இல்லத்துக்கு அரசாங்கம் நிர்ணயித்த தொகையைக் கட்ட வேண்டும், போய் வர வேண்டும், கொஞ்ச நாள் வேலைக்குப் போகாமல் குழந்தையோடு இருக்க வேண்டும், பேங்க் புத்தகத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும். உப்பளத்துக் கூலியில் மழைக்காலம் வந்தால் அரிசிக்கே இழுபறி. என் கணவர் அளக்காரரிடம் சில பாத்திகளைப் பங்கு வாரத்துக்கு எடுத்துச் செய்து, தன் பங்கு உப்பை வரப்பில் அம்பாரமாகக் குவித்து, கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்தார். கோடையில் எல்லாரிடமும் உப்பு இருக்கும், விலை இருக்காது. மழை தொடங்கினால் விலை ஏறும். அதுவரை விற்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். கருத்த மேகம் ஒன்று வந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவார்.

அந்த நேரத்தில்தான் சீட்டு விழுந்தது. எங்கள் அளத்துப் பெண்கள் மாதா மாதம் குலுக்கல் சீட்டு போடுவார்கள். பெயர் எழுதிய துண்டுகளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவளுக்கு அந்த மாதப் பணம். பெயர் வந்தவள் மனசு வைத்தால் தன் முறையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கலாம். அந்த மாதம் அக்கா பெயர் வந்தது. அவள் பணத்தை வாங்கினாள், எல்லார் முன்னாலும் அப்படியே என் மடியில் போட்டாள்.

"ஏஜெண்டுகிட்ட சீக்கிரம் கட்டு. உன் வூட்டுக்காரரு அங்க போயி கால் ஊனினதும் எந்தம்பியையும் இட்டுக்கினா போதும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று யாராவது இப்போது எனக்குப் புத்தி சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். சுற்றிலும் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் குழந்தை எங்கோ ஒரு தொட்டிலில் கிடந்தது, அல்லது இன்னும் பிறக்கவேயில்லை. வாய் திறந்தால் அது கைவிட்டுப் போய்விடும் என்று எனக்கு அடிவயிறு சொன்னது. பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி அழுதேன். மறுநாள் பேங்கில் போட்டேன்.

அடுத்து வீட்டை விசாரிக்க ஆள் வருவார்கள் என்று பாய் சொல்லியிருந்தார். விழுப்புரத்துத் தத்தெடுப்பு ஆபீஸிலிருந்து ஒரு அம்மா போனில் பேசினார்கள். வருவதற்கு முன்னால் சொல்கிறோம் என்றார்கள். நான் கெஞ்சினேன்: "மேடம், அக்கம்பக்கத்துல விசாரிச்சாலும் எதுக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க பக்கத்துல சொன்னா ஆவாது." அந்தம்மா, "சரிங்க, சொல்லல" என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். அதுதான் வினையாகப் போனது.

பங்குனி வெயில். அளத்தில் வெள்ளைவெளேர் என்று கண் கூசியது. அன்றைக்கு அக்கா ரேஷன் வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லி நின்றுவிட்டாள், அதனால் வேறொருத்தி எனக்குக் கூடை தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் பாதித் தூரம் வந்துகொண்டிருந்தேன். எதிரே அக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வேகமாக வந்தாள்.

"ஏய், உன் வூட்டுக்கு விசாரிக்க ஒரு அம்மா வந்துச்சு! கழுத்துல அட்டை மாட்டிக்கினு, கையில ஃபைலு. இந்தப் பக்கம் வேற வேலையா வந்துச்சாம், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு வந்துச்சாம். பூட்டிக் கெடந்ததும் நேரா எங்க வூட்டுக்கு வந்துட்டுது."

அப்படியே வரப்பில் நின்றுவிட்டேன். தலையில் கூடை.

"என்ன கேட்டாங்கக்கா?"

"அவங்க எங்க கேட்டாங்க, நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு மஸ்கட்டு போறாரு, மெடிக்கல் முடிஞ்சிது, போலீஸ் முடிஞ்சிது, பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கின்னு. அந்தம்மா அப்படியான்னு எழுதிக்கினாங்க. புள்ளைங்க பத்திக் கேட்டாங்க. அதெல்லாம் கெடையாதுங்க, புள்ளையே வாணாம்னு விட்டுட்டாங்க, அவர புடிச்சி வைக்க இங்க ஒண்ணுமில்ல, அஞ்சு வருஷம் வராட்டியும் இந்தப் பொண்ணு தனியா இருந்துக்கும்னு அடிச்சி சொல்லிட்டேன். விசா கன்ஃபார்ம்டி!"

கூடை எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. வரப்பின் சேற்றில் உப்பு கொட்டிக் கிடந்தது. அக்கா வெயிலில் மயக்கம் என்று நினைத்து என்னை உட்கார வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றினாள். தன் சேலையால் என் முகத்தைத் துடைத்தாள். எனக்கு இவ்வளவு நல்லது செய்யப் பார்த்தவளைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

போன் போட்டுப் பார்த்தோம், விழுப்புரத்து அம்மா எடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்துப் போனோம். வழி நெடுக என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கோபத்தில் பேசாமல் இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் பயந்து போயிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தம்மா என்னைவிடச் சின்னவராகத்தான் இருந்தார். எதிரே உட்காரச் சொன்னார்.

"வெளிநாடு போறத ஏங்க எங்ககிட்ட மறைச்சீங்க?"

நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, பஸ், தலையாட்டியது, சீட்டு எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"எனக்கே சிரிப்பா வருதுங்க. ஆனா ரிப்போர்ட்டுல சிரிப்ப எழுத முடியாதே. அக்கம்பக்கத்துல என்ன சொல்றாங்கன்னு ஒரு பக்கமே இருக்குது. அதுல 'குழந்தையே வேண்டாம்னு விட்டுட்டாங்க'ன்னு இருக்குது. நீங்க வந்து மாத்திச் சொன்னீங்கன்னு நான் அத அடிக்க முடியாது." பிறகு ஃபைலை மூடிவிட்டுக் கேட்டார்: "எதிர் வீட்டுக்கே சொல்ல முடியலன்னா, நாளைக்கு அந்தக் குழந்தைகிட்ட அது எப்படி வந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

என் கணவர்தான் மெதுவாக, "சொல்லிடுவோங்க" என்றார். அந்தம்மா, அடுத்த வாரம் மறுபடி வருவதாகவும், அதே அக்காவிடம்தான் பேசுவதாகவும், அவள் சொல்வதை எழுதிக்கொண்டு போவதாகவும் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் குழந்தை இப்போது அக்காவின் வாயில் இருந்தது.

அன்று சாயங்காலமே போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே குந்தி, ஒரே மூச்சில் கொட்டினேன். மஸ்கட்டும் இல்லை, ஏஜெண்டும் இல்லை, வந்த அம்மா விசாவுக்கு வந்தவள் இல்லை, நாங்கள் ஒரு குழந்தைக்காகக் காத்திருக்கிறோம், உன் சீட்டுப் பணம் அதற்குத்தான் வைத்திருக்கிறோம். திட்டுவாள், பணத்தை எடுத்து வை என்பாள், தம்பியைக் கூப்பிடுவாள் என்று எதற்கும் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

அவள் மீன் கையோடு என் கையைப் பிடித்தாள். "புள்ளையா? நெசமாவா?" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்தது. "ஐயோ, நான் என்னென்னமோ உளறிட்டேனே! போயி அந்தம்மா கால்ல உழுந்துகூட சொல்றேன்டி, வா." பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு, சிரிப்பு மாறாமலே கேட்டாள்: "ஆமா, இத ஏண்டி எங்கிட்ட மறைச்ச?"

எதையாவது சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். கிடைக்குமோ கிடைக்காதோ என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் பயம், அலைச்சல், அவள் அப்படிச் சிரித்ததில் வந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ரெண்டாவது தடவ உங்கிட்ட மட்டுந்தான்க்கா சொன்னேன்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் கையை விட்டாள். மீன் சட்டியைத் தண்ணீர் விட்டு அலசினாள், இரண்டு முறை அலசினாள். எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன், அழுதேன். உள்ளே அடுப்பு மூட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அளத்தில் அக்கா வந்தாள், எதிரே நின்று எனக்குக் கூடை தூக்கிவிட்டாள். நான் அவளுக்குத் தூக்கிவிட்டேன். கூடை ஏறும்போது இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில் வரும். அவள் கண் என் தலைக்கு மேலே பார்க்கும். அவள் என்னை அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விழுப்புரத்து அம்மா சொன்ன நாளில் வந்தார்கள். எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டு எதிர் வீட்டுக்குப் போனார்கள். நானும் அவரும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். என் மணிக்கட்டை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு பார்த்தபோது விரல் பதிந்திருந்தது. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள். எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்திப் பேசினாளா, அவள் குரலே அப்படியா என்று தெரியாது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. அவரு எங்கயும் போவல. மஸ்கட்டு எங்க இருக்குதுன்னே அந்தாளுக்குத் தெரியாது."

"அவங்க சொல்லிக் குடுத்துப் பேசுறீங்களா?"

"எனக்கு யாருங்க சொல்லிக் குடுக்கிறது? அவகூட நான் பேச்சே வச்சிக்கிறதில்ல."

"ஏன், என்ன பிரச்சினை?"

என் கணவரின் பிடி இன்னும் இறுகியது. தெருவில் ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும் வரை அக்கா காத்திருந்தாள்.

"அது எங்களுக்குள்ளங்க. அவளுக்கு வாய் ஜாஸ்தி, யோசிக்காம பேசிடுவா. அத எழுதணும்னா எழுதிக்கங்க. ஆனா ரெண்டு தடவ அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது ஆட்டோவுல கூட ஒக்காந்து வந்தது நானு. அவளுக்குப் புள்ள வேணுமா வாணாமான்னு என்ன விட யாருக்கும் தெரியாது. அதையும் எழுதிக்கங்க."

அந்தம்மா எழுதிக்கொண்டார்கள். அக்கா உள்ளே போய்விட்டாள். நான் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மனு அங்கீகாரம் ஆனது. வரிசையில் எங்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. ஆனால் அக்காவின் பணம் எங்களிடம் இருக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது என்று என் கணவருக்குத் தெரிந்தது. பேங்கில் போட்டதில் ஒரு பகுதி, சான்றுகளுக்கு வாங்கிய கடனுக்கும் அலைச்சலுக்கும் போயிருந்தது. விலை ஏறட்டும் என்று கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்த உப்பை, விலையே இல்லாத சித்திரையில் விற்றார். அவசரக்காரன் முகம் எப்படி இருக்கும் என்று வியாபாரிகளுக்குத் தெரியாதா? லாரி ஏற்றிவிட்டு, வந்த பணத்தோடு பேங்கில் இருந்ததையும் எடுத்துச் சேர்த்து அக்காவின் தம்பியிடம் கொடுத்தார். தம்பி எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எண்ண வேணாம்னு அக்கா சொல்லிச்சு மாமா" என்றான். அதைக் கேட்டு எனக்கு இன்னும் வலித்தது.

மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம். அளத்தில் வேலை இல்லாத மழை மாதங்களில் பெரிய முதலியார்சாவடியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் போர்வை துவைக்கும் வேலைக்குப் போனேன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடம். அவர்களுடைய குழந்தைகள் தோட்டத்தில் ஓடும்போது கொடியில் துணி போட்டுக்கொண்டே பார்ப்பேன். அவர் அடுத்த வருஷமும் உப்பைக் குவித்து மூடினார். இடி இடித்தால் இரண்டு பேரும் ஓடினோம். கெஸ்ட் ஹவுஸ் வேலை முடிந்ததும் பக்கத்திலிருக்கும் கோட்டக்குப்பம் போய், பாயிடம் வரிசை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவேன். சில மாதம் நகரும். சில மாதம் அப்படியே இருக்கும். நகராத மாதங்களில் பாய் என்னிடம் டீக்குக் காசு வாங்க மாட்டார்.

இப்போது தெருவுக்கே தெரியும். "வந்துடுச்சா?" என்று கேட்பார்கள், ஏதோ கேஸ் சிலிண்டர் புக் பண்ணிய மாதிரி. "ஆம்பளப் புள்ளையா கேட்டு வாங்கு" என்பார்கள். "எந்த ஊரு, எந்த சனமோ" என்று ஒருத்தி இழுத்தாள். "வந்ததும் அதையே கேட்டு சொல்றேன், கொஞ்சம் பொறு" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வரவில்லை, நல்லதாகப் போயிற்று. கண் படும் என்ற பயம் போய்விட்டதா என்றால் இல்லை. தினம் தினம் ஊர்க் கண் முழுவதும் அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தது, நான் தினம் தினம் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கண் மட்டும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏங்கியது அதற்குத்தான்.

அக்கா பேசவில்லை. கூடை தூக்கிவிட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தம்பியிடம் கஞ்சி கொடுத்தனுப்பினாள். தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது எங்களுக்கும் பத்திரிகை வந்தது, தம்பி கையால். போனேன். மணமேடைக்குப் பக்கத்தில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். "கூட தூக்கு" என்பாள், அல்லது அதுவும் சொல்லாமல் கூடையைத் தொடுவாள்.

போனை உப்புத் தண்ணீர் தின்றுவிடும் என்பதால் பாலிதீன் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் அளத்துக்கு வருவேன். குழந்தையின் படம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் இரண்டு நாளுக்குள் சரி என்று அழுத்த வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர்களுக்குப் போய்விடும் என்று பாய் சொல்லி, எங்கே அழுத்த வேண்டும் என்று ஆறேழு முறை காட்டியும் கொடுத்திருந்தார். அதனால் எந்த மணி அடித்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். பாதி நேரம் அது லோன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பாக இருக்கும். பேசுகிறவரை நான் திட்டிய திட்டில் அந்தக் கம்பெனியே என்னை மறந்திருக்கும்.

ஒரு வைகாசி மாதக் காலை. அவர் தூரத்தில் மடையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்காத தூரம். அக்கா கூடையை நிரப்பிவிட்டு, தலைச் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, நான் வந்து தூக்கிவிடுவதற்காக நின்றாள். கழுத்தில் போன் துடித்தது. கவரோடு வைத்துப் பார்த்தேன். கவர் முழுவதும் உப்புப் பூத்து ஒன்றும் தெரியவில்லை. பல்லால் கவரைக் கிழித்து வெளியே எடுத்தேன்.

ஒரு குழந்தை. வெள்ளைத் துணி விரித்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அவரிடம் ஓட வேண்டும். ஆனால் எதிரே நின்றது அக்கா. எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த எதுவும் ஞாபகம் வரவில்லை. போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"அக்கா, வந்துடுச்சு. யாருக்கும் காட்டல. அவருக்குக்கூட இன்னும் காட்டல. நீ மொதல்ல பாருக்கா."

அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டி, கடல் பக்கமாகப் பார்த்து நின்றாள்.

"எனக்குக் காட்டாத. மொதல்ல வூட்டுக்கு வரட்டும்."

கூடைப் பேச்சைத் தவிர, அவளுடைய குரலை அவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறேன். அதில் கோபம் இல்லை. நான் செய்து வைத்த வேலை என்ன என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. நான் ஒரு வரி சொன்னேன். அவள் அதை நம்பிவிட்டாள்.

"அக்கா, நான் சொன்னது பொய்யிக்கா. என் வாய்க்கொழுப்பு. திரும்புக்கா."

அவள் திரும்பவில்லை. அப்படியே நின்றுகொண்டு கேட்டாள்.

"பொண்ணா?"

"பொண்ணுக்கா."

"முடி இருக்குதா?"

"இல்ல. மொட்ட அடிச்சிருக்காங்க."

"ஒடம்பு?"

"ஒல்லியாத்தான் இருக்குது. கை மட்டும் குண்டா இருக்குது."

"சிரிக்கிதா?"

நான் மறுபடி பார்த்தேன். கண்ணீரில் படம் கலங்கியது, துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"இல்லக்கா. மொறைக்குது."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"மொறைக்குதா? அப்ப அது உன் புள்ளதான். அழுத்துடி, என்ன பாத்துக்கினு நிக்கிற?"

பாய் காட்டிக்கொடுத்த இடத்தில் அழுத்தினேன். பச்சை வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து நின்றது. தூரத்தில் என் கணவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்து ஓடிவர ஆரம்பித்திருந்தார். அக்கா அப்போதும் திரும்பவில்லை.